மேடையேறாத பாடல்களுக்காக வாங்க வேண்டிய நூல்: ஸ்டீபன் சோண்ட்ஹைமின் இரு தொகுதிகள்

அமெரிக்க இசைநாடகப் பாடலாசிரியர்களில் தம் தொழிலைப் பற்றி ஸ்டீபன் சோண்ட்ஹைம் அளவுக்கு விரிவாகவும் ஒளிவுமறைவின்றியும் எழுதியவர் வேறொருவர் இல்லை என்பது என் உறுதியான கருத்து. அவருடைய பாடல்கள் அனைத்தும் அவருடைய குறிப்புகளோடு இரண்டு பெரிய தொகுதிகளாக நியூயார்க்கின் ஆல்ஃபிரட் ஏ. நாஃப் பதிப்பகத்திலிருந்து வெளிவந்திருக்கின்றன. 2010ஆம் ஆண்டில் வந்த 'ஃபினிஷிங் த ஹாட்' 1954 முதல் 1981 வரையிலான பாடல்களையும், 2011ஆம் ஆண்டில் வந்த 'லுக், ஐ மேட் எ ஹாட்' அதற்குப் பிந்திய முப்பது ஆண்டுகளின் பாடல்களையும் கொண்டவை. மேடையில் நிலைத்துவிட்ட பாடல்களின் வரிகளை இசைத்தட்டு உறையிலேயே படித்துக்கொள்ளலாம். அதற்காக இவ்வளவு கனமான நூல்களை ஒருவர் வாங்க வேண்டியதில்லை. எழுதி முடிக்கப்பட்டு, மெட்டமைக்கப்பட்டு, சில வேளைகளில் நடிகர்கள் மனப்பாடம் செய்து மேடையில் பாடியும் பார்த்தபின் தூக்கியெறியப்பட்ட பாடல்கள் இவற்றில் முழுமையாக இடம்பெற்றிருக்கின்றன என்பதும், ஒவ்வொன்றும் ஏன் போயிற்று என்பதை எழுதியவரே சொல்கிறார் என்பதும்தான் இந்த நூல்களின் உண்மையான மதிப்பு.

சோண்ட்ஹைம் இந்தக் கலையைக் கற்றுக்கொண்ட விதம் தெரிந்தால் இந்த வெளிப்படையான போக்கு எங்கிருந்து வந்தது என்பது விளங்கும். சிறுவயதில் பென்சில்வேனியா மாநிலத்தில், புகழ்பெற்ற இசைநாடகப் பாடலாசிரியர் ஆஸ்கர் ஹாமர்ஸ்டீனின் வீட்டுக்கு அருகில் வளர்ந்த அவர், பதினைந்து வயதில் தம் பள்ளியைப் பற்றி எழுதிய ஓர் இசைநாடகத்தை அவரிடம் கொடுத்துக் கருத்துக் கேட்டார். அது மிக மோசமாக இருக்கிறது என்று தயவுதாட்சண்யமின்றிச் சொன்ன ஹாமர்ஸ்டீன், அன்று பிற்பகல் முழுவதும் உட்கார்ந்து அது ஏன் மோசம் என்பதை வரிவரியாக விளக்கினார். பிறகு நான்கு பயிற்சிகளையும் கொடுத்தார்: தமக்குப் பிடித்த நல்ல நாடகம் ஒன்றை இசைநாடகமாக்குவது, குறையுள்ள நாடகம் ஒன்றை எடுத்துச் சீராக்குவது, நாடகமாக இல்லாத கதை ஒன்றை மேடைக்குக் கொண்டுவருவது, கடைசியாகச் சொந்தக் கற்பனையில் ஒன்றை எழுதுவது. ஒரு சிறுவனின் முயற்சியைப் பெரியவர் ஒருவர் அத்தனை மதிப்போடு பிரித்துப் பார்த்த அந்தப் பிற்பகலின் முறையைத்தான், அறுபது ஆண்டுகளுக்குப் பிறகு சோண்ட்ஹைம் தம் சொந்தப் பாடல்கள் மீதே செலுத்தியிருக்கிறார்.

நூலின் தொடக்கத்தில் அவர் மூன்று விதிகளை வைக்கிறார். சொல்லவரும் பொருளே வடிவத்தை முடிவுசெய்யும். குறைவாகச் சொல்வதே நிறைவு. நுணுக்கத்தில்தான் எல்லாமே இருக்கிறது. இவை மூன்றும் தெளிவு என்ற ஒன்றுக்குத் தொண்டு செய்பவை என்றும், தெளிவில்லாத இடத்தில் மற்ற எதற்கும் பொருளில்லை என்றும் அவர் சேர்த்துச் சொல்கிறார். விதிகளாகப் படிக்கும்போது இவை பழகிய அறிவுரைகள் போலவே தோன்றும். இவற்றுக்காக அவர் எதையெல்லாம் இழக்கத் துணிந்தார் என்பதைக் 'கம்பெனி' நாடகத்தின் அத்தியாயத்தில் பார்க்கும்போதுதான் இவற்றின் கனம் தெரிகிறது.

1970ஆம் ஆண்டு ஏப்ரலில் நியூயார்க்கின் நாடக அரங்குகள் நிறைந்த பிராட்வேயில் அரங்கேறிய 'கம்பெனி', முப்பத்தைந்து வயதாகியும் திருமணம் செய்துகொள்ளாத ராபர்ட் என்பவனையும், அவனைச் சுற்றியிருக்கும் திருமணமான நண்பர்களையும் பற்றியது. ஜார்ஜ் ஃபர்த் கதை வசனம் எழுத, ஹெரால்ட் பிரின்ஸ் இயக்கினார். இறுதியில் ராபர்ட் ஒரு பாடல் பாட வேண்டும். அந்த ஒரு பாடலில்தான் நாடகம் எதைச் சொல்ல வந்தது என்பது முடிவாக வேண்டும். அந்த ஓரிடத்துக்குச் சோண்ட்ஹைம் நான்கு பாடல்களை எழுதினார். முதலாவதில் ராபர்ட் தெருவெங்கும் ஏமி என்ற தோழியின் முகத்தையே காண்கிறான். அவளையே மணந்துகொள்ளலாம் என்ற முடிவுக்கும் வருகிறான். கதைப்போக்கு மாறி அந்த முடிவு பொருந்தாமல் போனதும் அந்தப் பாடலும் போயிற்று. இரண்டாவது பாடலில் தன்னைக் கொஞ்சமாக மணந்துகொள்ளும்படி அவன் கேட்கிறான்: அளவோடு நேசி, அதிகமாகக் கேட்காதே, என் தனிமையை என்னிடமே விட்டுவிடு என்பது அதன் சாரம். கேட்பதற்கு மிக இனிமையான அந்தப் பாடலில் ஒரு மனிதன் தன்னைத்தானே எப்படி ஏமாற்றிக்கொள்கிறான் என்பது அருமையாக வெளிப்படுகிறது. ஆனால் முடிவுக்கு வந்துவிட்ட மனிதன் பாடும் பாடல் அதுவன்று என்பதால் அதையும் அவர் விலக்கினார்.

மூன்றாவது பாடல், பிராட்வேக்கு வருமுன் பாஸ்டன் நகரில் நடத்திப் பார்த்த முன்னோட்டக் காட்சிகள் வரை சென்றது. திருமணம் என்பது ஒருவரை மூச்சுமுட்ட இறுக்கிப் பிடிக்கவும், ஆழமாகக் காயப்படுத்தவும், உட்காரும் நாற்காலியைக்கூடப் பறித்துக்கொள்ளவும் இன்னொருவரைத் தேடிக்கொள்வது என்று அதில் ராபர்ட் வெறுப்போடு பட்டியலிடுகிறான். நாடகம் முழுவதையும் அது கசப்பில் முடித்துவிடுகிறது என்று பிரின்ஸ் கருதினார். அப்போது சோண்ட்ஹைம் செய்ததைத்தான் நான் இரு தொகுதிகளிலும் மீண்டும் மீண்டும் திருப்பிப் படித்திருக்கிறேன். அவர் அந்தக் கசப்பான வரிகளைத் தூக்கியெறியவில்லை. இன்று உலகெங்கும் பாடப்படும் 'பீயிங் அலைவ்' என்ற நான்காவது பாடல், மூன்றாவது பாடலின் அதே குற்றச்சாட்டுகளோடுதான் தொடங்குகிறது. உன்னை இறுக்கிப் பிடிக்க ஒருவர், உன்னைக் காயப்படுத்த ஒருவர் என்று முன்னிலையில், பொதுவாக, யாரைப் பற்றியோ பேசுவதுபோல ராபர்ட் பாடிச் செல்கிறான். நண்பர்கள் இடையிடையே பேச்சில் அவனைத் தூண்டிவிடுகிறார்கள். பாடலின் நடுவில் இலக்கணம் மாறுகிறது: 'உன்னை' என்பது 'என்னை' ஆகிறது, பட்டியலாக நின்ற தொடர்கள் ஏவலாக மாறுகின்றன. யாராவது என்னை இறுக்கிப் பிடியுங்கள், யாராவது என்னைக் காயப்படுத்துங்கள் என்று அவன் கேட்கத் தொடங்குகிறான். அதுவரை குறைகளாகச் சொல்லப்பட்ட அத்தனையும், ஏறத்தாழ அதே சொற்களிலேயே, வேண்டுதலாகிவிடுகின்றன. ஒரு மனிதனின் மனம் மாறுவதை இவ்வளவு சிக்கனமாக, தன்மை முன்னிலை வேறுபாடு ஒன்றை மட்டுமே கருவியாகக் கொண்டு காட்டிய பாடல் இசைநாடகத்தில் வேறு எதுவும் எனக்குத் தெரியாது. நான்கு பாடல்களையும் அடுத்தடுத்து அச்சில் வைத்துப் படித்தால்தான் இந்த மாற்றத்தின் அருமை முழுவதும் பிடிபடுகிறது. இந்த ஓர் அத்தியாயத்துக்காகவே முதல் தொகுதிக்குக் கொடுக்கும் விலை தகும்.

இதே வகையில் 1962ஆம் ஆண்டின் 'எ ஃபன்னி திங் ஹாப்பன்ட் ஆன் த வே டு த ஃபோரம்' நாடகத்தின் தொடக்கப் பாடலின் கதையும் படிக்கத்தக்கது. காதலைப் பற்றிய ஒரு மென்மையான பாடலோடு தொடங்கிய அந்த நகைச்சுவை நாடகம் வாஷிங்டன் முன்னோட்டக் காட்சிகளில் சிரிப்பில்லாமல் தடுமாறியது. பார்க்க அழைக்கப்பட்ட இயக்குநரும் நடன அமைப்பாளருமான ஜெரோம் ராபின்ஸ், இன்றிரவு நீங்கள் காணப்போவது கோமாளித்தனம் என்பதைப் பார்வையாளர்களுக்கு முதற்பாடலே சொல்லிவிட வேண்டும் என்றார். 'காமெடி டுநைட்' எழுதப்பட்டது. அதன் பிறகு அதே வசனங்களுக்கு அரங்கம் சிரித்தது. ஒரு நாடகத்தை எப்படிப் பார்க்க வேண்டும் என்று முதல் பத்து நிமிடங்களில் சொல்லித்தரத் தவறினால், அடுத்த இரண்டு மணிநேரத்தில் எவ்வளவு திறமையாக எழுதியிருந்தாலும் அதைச் சரிசெய்ய முடியாது என்பதை எனக்குப் புரியவைத்தவை இந்தப் பக்கங்கள்தாம்.

பாடுபவரின் குரலை மனத்தில் வைத்து எழுதுவது எப்படி என்பதற்கு 1973ஆம் ஆண்டின் 'எ லிட்டில் நைட் மியூசிக்' அத்தியாயம் சான்றாகிறது. தன் பழைய காதலனிடம் தன்னை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டு மறுக்கப்படும் நடிகையின் காட்சி அது. அந்த இடத்தில் அந்த ஆண்மகன் பாட வேண்டும் என்றே சோண்ட்ஹைம் முதலில் நினைத்திருந்தார். ஒத்திகையில் பிரின்ஸ் காட்சியை அமைத்த விதத்தைப் பார்த்த பிறகே பாடல் அந்தப் பெண்ணுக்கு உரியது என்பது அவருக்குத் தெரிந்தது. அந்தப் பாத்திரத்தில் நடித்த க்ளினிஸ் ஜான்ஸின் குரல் சிறியது, வெள்ளிமணி போன்றது; ஆனால் ஒரு சுரத்தை நெடுநேரம் நீட்டி நிறுத்த அவரால் முடியாது. எனவே மூச்சு வாங்க இடம்விடும் குறுகிய கேள்விகளாகவே பாடல் அமைந்தது. நீட்டிப் பாட இடங்கொடுக்காமல் மெய்யொலியில் சட்டென்று முடியும் சொற்களை அடியிறுதியில் வைத்தார். நெஞ்சு அடைத்துக்கொண்ட ஒருத்தி நீண்ட வாக்கியம் பேசமாட்டாள் என்ற உண்மையும், ஒரு நடிகையின் மூச்சின் அளவும் இங்கே ஒன்றாகிவிட்டன. 'சென்ட் இன் த க்ளௌன்ஸ்' என்ற அந்தப் பாடல்தான் பிறகு ஃபிராங்க் சினாட்ரா, ஜூடி காலின்ஸ் போன்றோரின் குரல்களில் நாடகத்துக்கு வெளியேயும் பரவி, 1976ஆம் ஆண்டில் ஆண்டின் சிறந்த பாடலுக்கான கிராமி விருதையும் பெற்றது.

தம் பாடல்களின் மீது அவர் வைக்கும் குற்றச்சாட்டுகள் அடக்கத்துக்காகச் சொல்லப்பட்டவை அல்ல. 1957ஆம் ஆண்டின் 'வெஸ்ட் சைட் ஸ்டோரி'யில் லியோனார்ட் பெர்ன்ஸ்டீனின் மெட்டுக்கு அவர் எழுதிய 'ஐ ஃபீல் ப்ரிட்டி' உலகம் கொண்டாடும் பாடல். அவருக்கோ அது தீராத மனக்குறை. போர்ட்டோ ரிக்கோவிலிருந்து புதிதாக நியூயார்க் வந்து ஆங்கிலம் பழகிக்கொண்டிருக்கும் ஓர் ஏழைப்பெண், 'அலார்மிங்', 'சார்மிங்' என்று ஒரே அடிக்குள் இயைபு அமைத்துப் பாடுவாளா என்பதே அவர் கேள்வி. அந்தச் சொற்களில் பாத்திரம் மறைந்து பாடலாசிரியனின் கெட்டிக்காரத்தனமே தெரிகிறது என்கிறார். சக பாடலாசிரியர் ஷெல்டன் ஹார்னிக் இதைச் சுட்டிக்காட்டியதும் எளிய வடிவம் ஒன்றை எழுதிக் கொண்டுபோனதாகவும், நாடகக் குழுவினர் அதை ஏற்கவில்லை என்றும் பதிவுசெய்கிறார். அந்தப் பாடலை நான் இன்றும் மகிழ்ச்சியோடு கேட்கிறேன். ஆனால் அவர் சொன்னதைப் படித்த பிறகு அவர் பக்கம்தான் நியாயம் இருக்கிறது என்பதை மறுக்க முடியவில்லை.

பிற பாடலாசிரியர்களைப் பற்றிய தனிக் குறிப்புகளில்தான் நான் அவரோடு பல இடங்களில் வேறுபடுகிறேன். உயிரோடிருப்பவர்களை விமர்சிப்பதில்லை என்று அவர் முன்கூட்டியே அறிவித்துவிடுகிறார். அது பண்பான முடிவு என்றாலும், தம்மோடு ஒரே காலத்தில் அதே மேடைகளுக்கு எழுதியவர்கள் பலரைப் பற்றி அவர் என்ன நினைத்தார் என்பதை அறிய விரும்பும் வாசகனுக்குப் பெரிய இழப்பு. மறைந்தவர்களிடம் அவர் தாட்சண்யம் காட்டவில்லை. பிரார்த்தனை செய்யக் கற்கும் வானம்பாடி என்று ஹாமர்ஸ்டீன் எழுதியதை, தம்மை வளர்த்த ஆசான் என்றும் பாராமல் பொருளற்ற வரி என்கிறார். லாரன்ஸ் ஹார்ட் 'மை ஃபன்னி வாலன்டைன்' பாடலில் காதலனைப் 'படமெடுக்க முடியாத' தோற்றம் கொண்டவன் என்று எழுதியதற்கு, படத்தில் அழகாக விழாதவன் என்பதுதானே கவிஞர் சொல்ல வந்தது, படமெடுக்கவே முடியாதவை இரத்தக்காட்டேரிகள் மட்டும் அல்லவா என்று மடக்குகிறார். சொல்லளவில் இந்தக் குறை சரியானதே. ஆனால் தான் நேசிப்பவனைச் சீண்டி விளையாடும் பெண் மிகைப்படுத்தித்தான் பேசுவாள். அந்த மிகையே அங்கே பாத்திரத்தின் பேச்சு. தம் பாத்திரங்களுக்குத் தாராளமாகத் தரும் இந்தச் சலுகையைச் சோண்ட்ஹைம் ஹார்ட்டுக்குத் தர மறுப்பது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. நோயல் கவார்ட் மீதும் டபிள்யூ. எஸ். கில்பர்ட் மீதும் அவர் காட்டும் கடுமையும் தேவைக்கு மிஞ்சியதே.

பாராட்டும் இடங்களில் அவருடைய செவியின் கூர்மை நன்றாக வெளிப்படுகிறது. பேச்சுவழக்கை வலிந்து திருகாமல் பாட்டாக்கியதற்காக டாரதி ஃபீல்ட்ஸையும், 'கைஸ் அண்ட் டால்ஸ்' தந்த ஃபிராங்க் லெஸ்ஸரையும் அவர் மனமார உயர்த்துகிறார். 'போர்கி அண்ட் பெஸ்' நாடகத்துக்கு டுபோஸ் ஹேவர்ட் எழுதிய வரிகளை அமெரிக்க இசைநாடகத்தின் உச்சமாகவே அவர் கருதுகிறார்.

இயைபைப் பற்றிய அவருடைய பிடிவாதம் தனியாகப் பேச வேண்டியது. நம் யாப்பில் எதுகையும் மோனையும் அடியின் தலைப்பக்கத்தில் நின்று செவியை இழுக்க, ஆங்கிலப் பாடலில் அந்த வேலையில் பெரும்பகுதியை அடியிறுதியின் இயைபே செய்கிறது. அது முழுமையாக ஒலிக்க வேண்டும், அரைகுறையாக ஒத்துப்போகும் சொற்கள் மேடைக்கு உதவா என்பது சோண்ட்ஹைமின் நிலை. அரங்கில் உட்கார்ந்திருப்பவர் ஒரு வரியை ஒரே ஒருமுறைதான் கேட்கிறார், திருப்பிப் படிக்க முடியாது. முழு இயைபு அந்தச் சொல்லை அவர் காதில் அழுத்தமாகப் பதித்துவிடுகிறது என்பது அவர் சொல்லும் காரணம். இந்த வாதம் அவருடைய நாடகங்களுக்கு முற்றிலும் பொருந்தும். ஆனால் 2015ஆம் ஆண்டில் வந்த 'ஹாமில்டன்' நாடகத்தில் லின்-மானுவல் மிராண்டா அரை இயைபுகளையும் அடிக்கு உள்ளே வரும் இயைபுகளையும் அடுக்கிக் கட்டிய பாடல்கள், தாளம் வேறாக இருக்கும்போது செவி வேறு வழியிலும் சொல்லைப் பிடித்துக்கொள்ளும் என்பதை நிறுவிவிட்டன. அந்த மிராண்டாவை ஊக்குவித்தவர்களில் சோண்ட்ஹைமும் ஒருவர் என்பதால், நூலில் இருக்கும் இறுக்கமான விதியை அவருடைய கடைசிச் சொல்லாக நான் எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டாம் தொகுதி முதலாவதைப் போல ஒரே சீராக இல்லை. அதன் சிகரம் 'சண்டே இன் த பார்க் வித் ஜார்ஜ்' அத்தியாயமே. ஓவியர் ஜார்ஜ் சூராவைப் பற்றிய அந்த நாடகத்தில், ஒரு தொப்பியை வரைந்து முடிப்பதற்காகத் தன்னை நேசித்தவளை இழந்துவிட்ட கலைஞன் பாடும் பாடலிலிருந்துதான் இரண்டு நூல்களின் தலைப்புகளும் எடுக்கப்பட்டிருக்கின்றன. 1984ஆம் ஆண்டு மே மாதம் பிராட்வேயில் அரங்கேறுவதற்குச் சில நாட்களுக்கு முன்பு வரை இரண்டாம் பகுதியின் முக்கியமான இரு பாடல்கள் இல்லாமலேயே முன்னோட்டக் காட்சிகள் நடந்துகொண்டிருந்தன. அவை வந்து சேர்ந்ததும் இரண்டாம் பகுதி ஏன் இருக்கிறது என்பது பார்வையாளர்களுக்குப் புரிந்துவிட்டது. அடுத்த ஆண்டு நாடகத்துக்குப் புலிட்சர் பரிசும் கிடைத்தது. 'இன்டு த வுட்ஸ்', 'அசாசின்ஸ்' ஆகியவற்றின் பக்கங்களும் நிறைவானவை. ஆனால் பல ஆண்டுகள் வெவ்வேறு பெயர்களில் திருத்தி எழுதப்பட்டு, 2008ஆம் ஆண்டில் 'ரோட் ஷோ' என்று முடிந்த நாடகத்தின் பல வடிவங்களையும் வரிசையாகக் கொடுத்திருக்கும் பகுதி சலிப்பூட்டுகிறது. 'கம்பெனி'யில் நான்கு பாடல்கள் ஓர் இலக்கை நோக்கி நெருங்கின. இங்கே மாற்றங்கள் ஒன்றையொன்று சுற்றிவருகின்றன. திரைப்படங்களுக்கும் பிறந்தநாள் விழாக்களுக்கும் எழுதியவற்றை ஆர்வமுள்ளவர்கள் மட்டும் புரட்டினால் போதும்.

நூலின் அமைப்பில் எனக்கு மிகப் பிடித்தது கையெழுத்துப் படிகளின் படங்கள். ஓரங்களில் சொற்பட்டியல்கள், அடித்துத் திருத்திய வரிகள், ஒரே எண்ணத்தின் மாற்றுவடிவங்கள் என்று பென்சிலின் தடம் அப்படியே தெரிகிறது. பெரிய குறை, சுரக்குறிப்பு இல்லாதது. சொல்லும் மெட்டும் ஒருவரிடமிருந்தே வந்த நாடகங்களில் சொல்லை மட்டும் பிரித்துக் கொடுத்திருப்பதை அவரே உணர்ந்திருக்கிறார். பாடல்வரி கவிதையாகாது, இசைக்கு இடம்விட்டு மெலிதாகவே எழுதப்பட வேண்டும் என்று அவர் முன்னுரையில் வாதிடுவதும் அதனால்தான். எனவே இசையைக் கேட்டிராத ஒருவர் நேராக நூலைத் திறந்தால் பல பக்கங்கள் வெறுமையாகத் தோன்றக்கூடும்.

இரண்டையும் சேர்த்து 'த ஹாட் பாக்ஸ்' என்ற பெட்டித் தொகுப்பாகவும் வெளியிட்டிருக்கிறார்கள். ஒன்றை மட்டும் வாங்க விரும்புபவர்கள் முதல் தொகுதியையே வாங்க வேண்டும். அதைப் படிக்கத் தொடங்குமுன் 'கம்பெனி'யின் 1970ஆம் ஆண்டு மூல நடிகர்களின் இசைத்தட்டைக் கேட்டுவிடுவது நல்லது. கைவிடப்பட்ட இரண்டாவது, மூன்றாவது முடிவுப்பாடல்கள் இரண்டும் 'மேரி மி எ லிட்டில்' என்ற பெயரில் அவருடைய விடுபட்ட பாடல்களைக் கோத்து அமைத்த சிறு நாடகத்தின் இசைத்தட்டில் இருக்கின்றன. அவற்றை முதலில் கேட்டு, பிறகு 'பீயிங் அலைவ்' பாடலுக்கு வந்து, அதன் பின்னரே அந்த அத்தியாயத்தைத் திறக்க வேண்டும் என்பது என் பரிந்துரை.